நாற்பது மில்லிமீட்டர் காற்று

கார் டயரின் பக்கவாட்டில் ஓர் எண் எழுதியிருக்கும். எங்கள் காரில் அது 165/80 ஆர் 14. 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 14 என்பது உள்ளே இருக்கும் ரிம்மின் விட்டம், இன்ச்சில். ஆர் என்றால் ரேடியல். நடுவில் நிற்கும் 80 அளவே கிடையாது, சதவீதம். டயரின் சுவர், கடைக்காரர்கள் சைடுவால் என்று சொல்வது, அகலத்தில் எத்தனை பங்கு உயரம் என்பதைச் சொல்கிறது. ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவீதம், இன்ச் மூன்றையும் அடைத்து வைத்த இந்த ஃபார்மட்டை எங்கள் டீமில் யாராவது எழுதிக் கொண்டுவந்திருந்தால் கோட் ரிவ்யூவிலேயே திருப்பி அனுப்பியிருப்போம். ஆனால் உலகம் முழுக்க டயர் இப்படித்தான் விற்கிறது.

போன வருஷம் வரை நான் அந்த 80-ஐக் கவனித்ததில்லை. கவனிக்க வைத்தது தம்பி.

"யக்கா, வண்டிக்கு 17 இன்ச் அலாய் போடலாம்னு பாக்கேன். காசு நான் போட்டுக்கிடுதேன். நீ சரின்னு மட்டும் சொல்லு."

கூடவே வாட்ஸாப்பில் ஒரு கொட்டேஷன். நாலு அலாய் வீல், நாலு டயர், ஃபிட்டிங், பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து ஐம்பத்தெட்டாயிரம். டயர் அளவு 205/45 ஆர் 17. கீழே அவன் கூட்டாளியின் கார் படம். எங்கள் மாடலேதான், எங்கள் நிறமேதான். ஆனால் வேறு கார் மாதிரி இருந்தது.

கார் கோவில்பட்டியில் இருக்கிறது, நான் சென்னையில் இருக்கிறேன். 2019-இல் வாங்கியது. கடன் என் பேரில், ஆர்.சி. புத்தகம் என் பேரில். ஓட்டுவது தம்பி. உட்கார்ந்து போவது அம்மா. ஒரு காரை மூன்று பேர் மூன்று விதமாக வைத்திருக்கிறோம். அதனால்தான் அந்தச் "சரின்னு மட்டும் சொல்லு" எனக்கு லேசாக இல்லை.

தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தபோது அப்பா தவறினார். 2016. அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம். அம்மாவைத் தனியாக விட முடியாது, சென்னைக்கு வரவும் அம்மா சம்மதிக்கவில்லை. யார் திரும்பிப் போவது என்று வீட்டில் யாரும் பேசவில்லை. அவன் பையைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். "அப்படியே இருக்கட்டும்க்கா, எனக்கு ஊர்லயே பழகிருச்சு" என்றான். ஊரில் இப்போது ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். ஆன்லைன் விண்ணப்பம், லேமினேஷன், பாஸ்போர்ட் போட்டோ. கடை நன்றாகவே ஓடுகிறது. ஆனால் ஊரில் அந்தக் கார் "சென்னையில இருக்க அக்கா வாங்கிக் கொடுத்த கார்". அவனிடமே அப்படிச் சொல்கிறார்கள்.

அதோடு அது நடு வேரியண்ட். ஒரே கார், ஒரே எஞ்சின், ஒரே தகரம்தான். ஆனாலும் எந்த வேரியண்ட் என்பதை ரோட்டின் எதிர்ப்பக்கத்திலிருந்தே சக்கரம் சொல்லிவிடும். மேல் வேரியண்டுக்கு அலாய். நடு வேரியண்டுக்கு இரும்பு ரிம், அதை மறைக்க வெள்ளி நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் வீல் கேப். கல்யாண வீட்டு வாசலில் வரிசையாகக் கார்கள் நிற்கும்போது எவன் எவ்வளவு மிச்சம் பிடித்தான் என்பது அந்த வீல் கேப்பில் எழுதியிருக்கும். எங்கள் காரில் ஒரு வீல் கேப் பள்ளத்தில் தெறித்து எங்கேயோ போய்விட்டது. மற்ற மூன்றையும் தம்பி கேபிள் டை போட்டுக் கட்டி வைத்திருந்தான்.

ஆக, 17 இன்ச் ஆசையைப் பகட்டு என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. கார் என்னுடையது, ஊர் அம்மாவுடையது. அந்தச் சக்கரம் ஒன்றாவது அவனுடையதாக இருக்கட்டும் என்று தோன்றியது. "ரெண்டு நாள் குடு, பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். எக்செல் ஷீட்டைத் திறந்தேன்.

டயர் கணக்கு ஒன்றும் பெரிய கணக்கில்லை. ரிம் விட்டத்தை மில்லிமீட்டராக்கி, சைடுவால் உயரத்தை இரண்டு முறை கூட்டினால் டயரின் மொத்த விட்டம். எங்கள் பழைய டயருக்கு 619.6 மில்லிமீட்டர். அவன் கேட்கும் 205/45 ஆர் 17-க்கு 616.3. வித்தியாசம் மூன்று மில்லிமீட்டர் சில்லறை, அரை சதவீதம்தான்.

இது தற்செயல் இல்லை. ஸ்பீடோமீட்டர் சக்கரத்தின் சுற்றுகளை எண்ணித்தான் வேகத்தைச் சொல்கிறது. சக்கரத்தின் மொத்த விட்டம் 3 சதவீதம் கூடிவிட்டால் மீட்டர் 100 காட்டும்போது நாம் 103-இல் போய்க்கொண்டிருப்போம். கிலோமீட்டர் கணக்கும் பிசகும், கியர் விகிதமும் மாறும், வளைவில் டயர் மட்கார்டில் உரசவும் கூடும். அதனால் ரிம்மைப் பெரிதாக்கும்போது மொத்த விட்டம் மாறாதபடி டயரைத் தேர்ந்தெடுப்பார்கள். உலகம் முழுக்க இதுதான் முறை. அந்தக் கடைக்காரரும் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்.

பெரிய சக்கரம் என்ற பேச்சில் பலரும் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். சக்கரம் பெரிதாவதே இல்லை. வெளிவட்டம் இருந்தபடியே இருக்கிறது. உள்ளே இரும்போ அலுமினியமோ விரிந்துகொண்டு வருகிறது. அது விரிகிற அளவுக்கு ரப்பரும் காற்றும் இடத்தைக் காலி செய்கின்றன. மாட்டு வண்டிச் சக்கரம் ஆளுயரத்துக்கு இருந்ததற்குக் காரணம் உண்டு. மொத்த விட்டம் பெரிதாக இருந்தால் சின்னப் பள்ளத்துக்குள் இறங்காமலேயே தாண்டிவிடும். அலாய் வீலில் அந்த லாபமும் கிடையாது.

ஷீட்டில் சைடுவாலுக்கு ஒரு கட்டம் போட்டேன். இப்போது இருப்பது 132 மில்லிமீட்டர். 17 இன்ச் போட்டால் 92. குறைவது 40 மில்லிமீட்டர். ரோட்டுக்கும் ரிம்முக்கும் நடுவில் இரண்டு விரல் அகலக் காற்று போய்விடும்.

காற்று என்ன செய்கிறது என்று கொஞ்சம் யோசித்தால் இந்த 40-இன் கனம் தெரியும். நாலு பேர் உட்கார்ந்த சின்னக் காரில் ஒவ்வொரு டயரின் மேலும் ஏறக்குறைய முன்னூறு கிலோ நிற்கிறது. டயர் தரையைத் தொடும் இடமோ ஓர் உள்ளங்கை அளவுதான். அந்த முன்னூறு கிலோவில் பெரும்பங்கைச் சுமப்பது ரப்பர் இல்லை, உள்ளே அடைத்திருக்கும் காற்று. சக்கரம் ஒரு கல்லின் மேல் ஏறும்போது முதலில் வளைந்து கொடுப்பது டயர். அதற்குப் பிறகுதான் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும். டயர் விழுங்கியது போக மிச்சம்தான் மேலே வரும். சைடுவால் உயரமாக இருந்தால் மடங்க இடம் உண்டு. குட்டையாக இருந்தால் சீக்கிரமே இறுகிவிடும். பள்ளத்தின் விளிம்பு பலமாக இடித்தால் டயர் ரிம்முக்கும் விளிம்புக்கும் நடுவில் நசுங்கி, உள்ளே இருக்கும் நூல் அறுந்து, பக்கவாட்டில் கட்டி மாதிரி புடைத்துக்கொள்ளும். அந்த டயரை ஒட்டி ஓட்ட முடியாது, தூக்கித்தான் போட வேண்டும். ரிம்முக்கும் அடி விழும். இரும்பு ரிம் என்றால் வளையும், பஞ்சர் கடையிலேயே பெண்டு எடுத்துவிடுவார்கள். வார்ப்பு அலாய் வெடித்தால் வெடித்ததுதான்.

அந்த வாரம் டயரின் கதையையும் தேடிப் படித்தேன். காற்றடைத்த டயரைச் செய்து பிரபலமாக்கிய ஜான் பாய்ட் டன்லப் எஞ்சினியர் இல்லை, கால்நடை மருத்துவர். பெல்ஃபாஸ்ட் நகரத்தில் இருந்தார். அவர் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்குக் கட்டி ரப்பர்தான் சக்கரம். அது கல் பாவிய தெருவில் தடதடவென்று ஆட்டியது. பையனுக்காக ரப்பர் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றிக் கட்டினார். 1888-இல் காப்புரிமை வாங்கினார். அதே யோசனைக்கு ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் 1845-இலேயே காப்புரிமை எடுத்திருந்தார் என்று பிறகு தெரிந்து, டன்லப்பின் காப்புரிமை செல்லாமல் போனது. தாம்சன் காலத்தில் காரும் இல்லை, சைக்கிளும் பரவவில்லை, அதனால் அவருடைய டயரை யாரும் கண்டுகொள்ளவில்லை. டன்லப்பின் டயர் ஒரு பையனின் உடம்பு ஆடக் கூடாது என்பதற்காகச் செய்யப்பட்டது. அதைக் கட்டிய சைக்கிள்கள் பந்தயங்களில் ஜெயித்தது அப்புறம்தான்.

இதை அம்மாவிடம் போனில் சொன்னேன். அம்மாவுக்கு டன்லப் தெரியாது, ஆனால் விஷயம் தெரிந்திருந்தது. "நாங்க சின்னப் புள்ளையில பருத்தி ஏத்திக்கிட்டுப் போற வண்டியில இரும்புப் பட்டாதான். எலும்பெல்லாம் கழண்டு வந்துரும். அப்புறம் டயர் வண்டி வந்துச்சு பாரு, அதுல ஏறுனா அப்படியே தூங்கிருவோம்."

அம்மாவின் முதுகுதான் இந்தக் கட்டுரையின் மிச்சப் பாதி.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அம்மாவுக்கு இடுப்பிலிருந்து இடது கால் வரைக்கும் மின்சாரம் மாதிரி இழுக்க ஆரம்பித்தது. எலும்பு டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். ஊரில் இதை ஜவ்வு விலகல் என்பார்கள். முதுகெலும்பில் ஒவ்வொரு இரண்டு எலும்புக்கும் நடுவில் ஒரு மெத்தை இருக்கிறது. டிஸ்க். நடுவில் ஜெல் மாதிரி மெதுவாகவும் சுற்றி நார் வளையமாகவும் இருக்கும். வயதாக ஆக அதில் நீர் குறையும், உயரம் குறையும். அம்மாவுக்கு எல் 4, எல் 5 எலும்புகளுக்கு நடுவில் இருந்த டிஸ்க் பிதுங்கி நரம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. ரிப்போர்ட்டில் டிஸ்க் உயரம் குறைந்திருக்கிறது என்று ஒரு வரி. ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம் என்றார் டாக்டர். இடுப்பு பெல்ட், பிசியோதெரபி, குனிந்து எடை தூக்காமல் இருப்பது, வண்டியில் தூக்கிப் போடாமல் போவது. கடைசியில் சொன்னதை டாக்டர் தம்பியைப் பார்த்துச் சொன்னார்.

ரிப்போர்ட்டின் அந்த வரியும் ஷீட்டில் நான் போட்ட சைடுவால் கட்டமும் ஒரே விஷயத்தைப் பேசின. இரண்டு கெட்டியான பொருட்களுக்கு நடுவில் இருக்கும் மெத்தை எவ்வளவு உயரம்? அம்மாவுக்கு உள்ளே ஏற்கெனவே குறைந்துவிட்டது. வெளியே இன்னும் நாற்பது மில்லிமீட்டர் குறைக்கலாமா என்பதுதான் கேள்வி.

எங்கள் ஊர் ரோட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நாற்கரச் சாலையில் திருநெல்வேலிக்குப் போனால் எந்தச் சக்கரமும் ஒன்றுதான், வழுக்கிக்கொண்டு போகும். பிரச்சினை அதிலிருந்து இறங்கிய பிறகு. எங்கள் பக்கம் கரிசல் மண். மழை பெய்தால் உப்பும், வெயிலில் சுருங்கி விரல் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். ரோடு அதன் மேல்தான் கிடக்கிறது. மண் வருஷா வருஷம் மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கும்போது மேலே போட்ட தாரும் அலை அலையாகிவிடும். புது ரோடு போட்ட இரண்டாவது மழைக்காலத்திலேயே கார் தொட்டில் மாதிரி ஆடும். அதற்கு நடுவில் பள்ளங்கள், ஊருக்கு ஊர் இஷ்டத்துக்குப் போட்ட வேகத்தடைகள். அம்மா பிசியோதெரபிக்கு வாரம் இரண்டு நாள், குலசாமி கோயிலுக்கு மாதம் ஒரு நாள் போவது இந்த ரோட்டில்.

பெரிய ரிம்முக்கு நியாயமும் உண்டு, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. சைடுவால் குட்டையாக இருந்தால் ஸ்டியரிங்கைத் திருப்பியவுடன் கார் திரும்பும். உயரமான சைடுவால் வளைவில் முதலில் தானே சாய்ந்து, அப்புறம்தான் காரைத் திருப்பும். அகலமான டயருக்கு உலர்ந்த ரோட்டில் பிடிமானம் கூடுதல். பந்தயக்காரர்களும் வேகமான கார்களும் பெரிய ரிம் போடுவதற்கு இன்னொரு காரணம், உள்ளே பெரிய பிரேக் டிஸ்க் உட்கார இடம் வேண்டும். எங்கள் காரில் பிரேக் மாறப் போவதில்லை. அலாய் என்றாலே எடை குறைவு என்பார்கள். அதே அளவு ரிம்மை ஒப்பிட்டால் பல சமயம் உண்மைதான். 14 இன்ச் இரும்பை 17 இன்ச் அலாயோடு ஒப்பிட்டால் அப்படி இல்லை. கோவில்பட்டிக் கடையில் இரண்டையும் டயரோடு தூக்கிப் பார்த்தேன், 17 தான் கனம். அந்தக் கனம் ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிறது. கீழே கனம் கூடினால் பள்ளத்தில் விழுந்த சக்கரத்தை அடக்க ஷாக் அப்சார்பர் கூடுதலாகத் திணறும்.

கடைக்காரர் நல்ல மனிதர். ஆனால் பதிலை மட்டும் தம்பியைப் பார்த்தே சொல்வார். "மேடம் பயப்படுதாங்க. எத்தன வண்டிக்குப் போட்டிருக்கோம் தம்பி!" என்றார். நான் டயரில் இருந்த லோடு இண்டெக்ஸைக் காட்டினேன். எங்கள் பழைய டயரில் 85, அதாவது ஒரு டயர் 515 கிலோ தாங்கும். அவர் எடுத்து வைத்திருந்த அகலமான 17 இன்ச் டயரில் 84, 500 கிலோ. எங்கள் காருக்கு 500 தாராளம், ஆபத்தில்லை. ஆனால் பார்க்கப் பெரிதாகிற ஒரு பொருள் தாங்கும் விஷயத்தில் சிறிதாகலாம் என்பதை அந்த இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்று சொல்லின. தம்பி சிரித்துவிட்டான். "எங்கக்கா இப்படித்தாண்ணே, பிஸ்கட் பாக்கெட்லகூட பின்னாடி இருக்கதப் படிக்கும்."

சட்டமும் இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தெருவில் போகும் அலாய் வீலை எல்லாம் யாரும் நிறுத்திக் கேட்பதில்லை என்பது வேறு விஷயம். விபத்து என்று ஒன்று நடந்து இன்ஷூரன்ஸ்காரர் வந்து அளக்கும்போது, ஆர்.சி.யில் இருப்பது என் பேர், சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருப்பது அவர்கள் இரண்டு பேர்.

ஆக, வேண்டாம் என்று சொல்ல என்னிடம் ஷீட் இருந்தது, ரிப்போர்ட் இருந்தது, சட்டம் இருந்தது. ஆர்.சி.யும் இருந்தது. அதுதான் என்னைத் தயங்க வைத்தது. சென்னையில் உட்கார்ந்துகொண்டு மூன்று காரணத்தை வரிசையாக அடுக்கி அனுப்பினால் தம்பி ஒன்றும் சொல்லாமல் ஏற்றுக்கொள்வான். ஆனால் அவன் ஏற்றுக்கொள்வது என் கணக்கையா, நான் கடன் கட்டினேன் என்பதையா? அது எனக்கும் தெரியாது, அவனுக்குமே தெரியாமல் போகலாம். அம்மாவை இத்தனை வருஷமாக அந்த ரோட்டில் கூட்டிக்கொண்டு போகிறவன் அவன். நான் அந்த ரோட்டில் வருஷத்துக்கு நாலு தடவை போகிறவள்.

அதனால் பொங்கல் லீவில் ஊருக்குப் போனபோது ஒரு சோதனை செய்யலாம் என்றேன். கூட்டாளியின் 17 இன்ச் காரை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வாங்கினான். காற்றைச் சரிபார்த்து எங்கள் காருக்கு வைக்கும் அளவையே வைத்தோம். அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப் போவதாகத் திட்டம். அம்மா எப்போதும் போலப் பின்சீட்டில் இடது பக்கம். நான் பக்கத்தில்.

"வண்டி எப்படிம்மா இருக்கு?" என்று பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தம்பி கேட்டுக்கொண்டே வந்தான்.

"நல்லாத்தான்யா இருக்கு. ஏசி குளுகுளுன்னு இருக்கு."

அம்மாவிடம் வலி பற்றிய தகவலை வாங்குவது எவ்வளவு சிரமம் என்பது தென்மாவட்டத்து அம்மாக்களோடு வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். மகன் ஆசைப்படுகிறான் என்று தெரிந்த பிறகு ஜன்மத்துக்கும் சொல்ல மாட்டார்கள். மெயின் ரோட்டிலிருந்து கிளைச்சாலையில் இறங்கிய பிறகு நான் அம்மாவின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு கையைப் பார்த்தேன். ஜன்னலுக்கு மேலே இருக்கும் கைப்பிடியை இடது கை பிடித்திருந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் அந்தக் கை இறுகி, உடம்பைச் சீட்டிலிருந்து ஒரு இன்ச் தூக்கிக்கொண்டது. பள்ளம் தாண்டியதும் இறக்கியது. காரின் டயர் செய்யாத வேலையை அம்மாவின் தோள் செய்துகொண்டிருந்தது. வாய் மட்டும் பக்கத்து வீட்டு மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. கோயிலில் அம்மா விளக்குப் போட உள்ளே போனதும் தம்பி வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டு சொன்னான்.

"யக்கா, இது வேண்டாம்."

"ஏண்டா?"

"நம்ம வண்டியில இந்த ரோட்டுல அம்மா மூணு எடத்துலதான் கைப்பிடியப் பிடிக்கும். ரயில்வே கேட்டு, பள்ளிக்கூடத்து ஸ்பீடு பிரேக்கர், ஓடப் பாலம். மத்த எடத்துல கை மடியிலதான் கெடக்கும். கண்ணாடியில பாத்துக்கிட்டேதான வாரேன். இன்னைக்கு ரோட்டுல எறங்குனதுல இருந்து விடவே இல்ல."

என் ஷீட்டில் இல்லாத தரவு அது. மூன்று வருஷமாகக் கண்ணாடி வழியாக எடுத்தது. நான் 132-லிருந்து 92 என்று அளந்ததை அவன் மூன்று இடத்திலிருந்து எல்லா இடமும் என்று அளந்து வைத்திருக்கிறான். இரண்டில் எது துல்லியம் என்று கேட்டால் நான் யோசிக்காமல் அவனுடையதைச் சொல்வேன்.

அடுத்து அவன் சொன்னது இது. "அப்படியே இருக்கட்டும்க்கா. வீல் கேப் மட்டும் புதுசா நாலு வாங்கிக்கிடலாம்."

அப்படியே இருக்கட்டும்க்கா. எட்டு வருஷத்துக்கு முன்னால் பையைக் கட்டிக்கொண்டு சொன்ன அதே வாக்கியம், அதே தொனி. விட்டுக்கொடுப்பதில் அவனுக்கு நல்ல பழக்கம். ஒரே நொடியில் முடித்து, மேலே மண்ணையும் தள்ளி மூடிவிடுவான். 17 இன்ச் வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வேண்டாம் என்பதோடு இதை முடிக்கவும் எனக்கு மனசு வரவில்லை.

அன்று ராத்திரி ஷீட்டில் இன்னொரு வரி சேர்த்தேன். எங்கள் காரின் மேல் வேரியண்டுக்குக் கம்பெனியே கொடுக்கும் அளவு 185/65 ஆர் 15. மொத்த விட்டம் 621.5, பழையதைவிட இரண்டு மில்லிமீட்டர்தான் கூட. லோடு இண்டெக்ஸ் 88, அதாவது 560 கிலோ. கம்பெனி அதே மாடலில் தானே போட்டு விற்கிற அளவு என்பதால் யார் கேட்டாலும் பதில் இருக்கிறது. சைடுவால் 120 மில்லிமீட்டர். குறைவது 12. புது அலாய்தான் வேண்டும் என்றில்லை. மேல் வேரியண்ட் வாங்கி உடனே 17-க்கு மாறுகிறவர்கள் கழற்றிப் போடும் கம்பெனி அலாய் மதுரையில் கிடைக்கும். போல்ட் துளையும் நடுத் துளையும் அப்படியே பொருந்தும்.

ஆனால் 12 மில்லிமீட்டரும் சும்மா வராது. அதைக் கொடுக்கப் போவது நானும் இல்லை, தம்பியும் இல்லை. அதனால் இந்த முறை அம்மாவிடமே கேட்டோம். நான் விரலை வைத்துக் காட்டினேன். இப்போது இவ்வளவு, 17 போட்டால் இவ்வளவு, 15 போட்டால் இவ்வளவு.

அம்மா என் விரல்களைப் பார்த்துவிட்டு, "இப்ப இருக்கத விடக் கொறையுமா?" என்று கேட்டது.

"கொறையும்மா. கொஞ்சம்."

"நேத்து மாதிரி இருக்குமா?"

நேற்று எப்படி இருந்தது என்று அம்மா வாயால் ஒப்புக்கொண்டது அந்த ஒரு கேள்வியில்தான். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவ்வளவு இருக்காது."

"அப்ப போடுங்க. அவன் ஆசப்பட்டு எதக் கேட்டிருக்கான்?" என்ற அம்மா, கொஞ்ச நேரம் கழித்துத் தம்பியிடம், "நீ எப்படியும் குழி வந்தா மெதுவாத்தானய்யா போவ" என்றது.

மாசி மாதம் மதுரைக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்தான். பழைய கம்பெனி அலாய், புது டயர், எல்லாம் சேர்த்து முதல் கொட்டேஷனில் முக்கால் பங்கு கூட ஆகவில்லை. காசு அவனே போட்டான், நான் கொடுக்க முயலவும் இல்லை. பழைய இரும்புச் சக்கரங்களில் நல்லதாக ஒன்றை ஸ்டெப்னியாக வைத்துக்கொண்டு மற்றதைக் கடையிலேயே போட்டுவிட்டான். மொத்த விட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் பஞ்சர் கடை வரைக்கும் மெதுவாக ஓட்டிப் போக அது போதும். கார் படத்தை வாட்ஸாப் ஸ்டேட்டஸில் வைத்திருந்தான். பின்னணியில் கடையின் போர்டும் சேர்ந்து விழுகிற மாதிரி எடுத்திருந்தான்.

கூட்டாளி இன்னும் 17 இன்ச்சில்தான் ஓட்டுகிறான். தனியாக, நாற்கரச் சாலையில், திருநெல்வேலிக்கும் மதுரைக்கும். அவனுக்கு அது சரியான சக்கரம் என்றுதான் நினைக்கிறேன். டயர் கடையில் நின்று எந்த அளவு நல்லது என்று கேட்பவர்கள், பின்சீட்டில் யார் உட்காருவார்கள், எந்த ரோட்டில் என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

போன வாரம் போனில் பேசும்போது தம்பியிடம் கேட்டேன், "இப்ப எத்தன எடம்?"

அவனுக்கு நான் எதைக் கேட்கிறேன் என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. "நாலு" என்றான். ஊர் எல்லையில் புதிதாகத் தண்ணிக் குழாய் பதித்து மூடிய இடத்தில் தார் கொஞ்சம் இறங்கியிருக்கிறதாம். முன்னால் அம்மா அங்கே பிடிக்காது, இப்போது பிடிக்கிறது. பன்னிரண்டு மில்லிமீட்டருக்கு ஓர் இடம். அந்த இடம் வந்தால் இரண்டாவது கியருக்கு இறக்கிவிடுகிறேன் என்றான்.